வெயில் காலத்தில் துண்டுத்துணிப் போர்வை: பஞ்சில்லாமல், கீற்றுக் கீற்றாகத் தைக்கும் முறை

சித்திரை மாதத்தில் போர்வை தைக்கப் போகிறேன் என்று பாளையங்கோட்டையில் யாரிடமாவது சொன்னால் ஒரு தடவை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையில் நியாயம் இருக்கிறது. வெளியே 38, 39 டிகிரி அடிக்கும்போது இரண்டு மீட்டர் நீளத் துணிச்சுமையை மடியில் பரப்பிக்கொண்டு உட்காருவது யாராலும் ஆகிற காரியம் அன்று. ஆனாலும் பள்ளி விடுமுறையும், பகலில் வெளியே தலைகாட்ட முடியாத நீண்ட பொழுதும், அலமாரியை ஒழிக்கிறபோது வந்து விழுகிற பழந்துணியும் ஒருசேரக் கிடைப்பது கோடையில்தான். ஆகவே வெயிலுக்கு ஏற்றபடி வேலையைப் பிரித்துக்கொள்ள வேண்டும். போர்வைக்குள் பஞ்சு வைக்காமலும், முழுப் போர்வையாகத் தைக்காமல் பதினான்கு அங்குல அகலக் கீற்றுகளாகத் தைத்துக் கடைசியில் இணைத்தும் முடிக்கும் ஒரு முறையை இங்கே அளவுகளோடு எழுதுகிறேன். இதில் பாரமான வேலை எதுவும் மடிக்கு வருவதற்குள் ஆனி பிறந்து, தென்காசிப் பக்கம் சாரல் தொடங்கி, அந்தக் காற்று நெல்லை வரைக்கும் எட்டிப் பார்த்துவிடும்.

பஞ்சை ஏன் விலக்க வேண்டும்

குளிர் நாடுகளில் 'குயில்ட்' என்று சொல்லப்படுவது மேலே ஒட்டுத்துணி, நடுவே பஞ்சு அல்லது கம்பளிப் படலம், கீழே ஒரு முழுத்துணி என்று மூன்று அடுக்காக இருக்கும். அந்தப் பஞ்சு உடம்புச் சூட்டை வெளியே விடாமல் பிடித்து வைப்பதற்காகவே வைக்கப்படுவது. நமக்கு வேண்டியது வேறு. மின்விசிறிக் காற்று விடியற்காலையில் மேலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகும்போது இழுத்துப் போர்த்தவும், ஐப்பசி கார்த்திகை மழையில் இன்னொரு போர்வையோடு சேர்த்துக்கொள்ளவும் ஆகிற மெல்லிய, மூச்சுவிடும் துணி போதும். வங்காளத்துக் காந்தா, சிந்துப் பகுதியின் ரல்லி, வட கர்நாடகத்தின் கவுதி ஆகியவற்றில் பெரும்பாலானவை பஞ்சு இல்லாதவை. பழஞ்சேலையையும் வேட்டியையும் அடுக்கி, நெருக்கமாக நூலோட்டித் தைத்தவை. பிறந்த குழந்தையைப் பழஞ்சேலை மடிப்பில் கிடத்துகிற நம் வீட்டு வழக்கமும் இதே அறிவில் வந்ததுதான். பல தடவை துவைத்த பருத்தியின் மென்மை புதுத்துணியில் வராது.

துணி பருத்தியாக இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. சாதாரண ஈரப்பதமுள்ள காற்றில் பருத்தி தன் எடையில் ஏறத்தாழ 8.5 சதவீத அளவு ஈரத்தை ஏற்றுக்கொள்ளும்; பாலியெஸ்டர் 0.4 சதவீதம்தான் ஏற்கும். வேர்வையை வாங்கிக்கொள்ளாத துணியைப் போர்த்திக்கொண்டு நம் ஊரில் தூங்க முடியாது. ஒரு காலத்தில் திருநெல்வேலிப் பருத்தி என்ற பெயரிலேயே கரிசல் பருத்தி ஏற்றுமதியான சீமையில் இதை வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருப்பது கொஞ்சம் வேடிக்கைதான்; ஆனால் இன்று நம் அலமாரிகளில் பாதிக்கு மேல் கலப்புத்துணியாகவே இருக்கிறது.

துணி சேர்த்தலும் சோதித்தலும்

நான் தருகிற அளவுக்கு, முடிந்த போர்வை 54 அங்குல அகலமும் 81 அங்குல நீளமும் இருக்கும். ஒருவர் போர்த்திக்கொள்ள இது தாராளம். மேல்பக்கத்துக்கு 5 அங்குலச் சதுரமாக 216 துண்டுகள் வேண்டும். நடு அடுக்குக்கு ஒரு பழைய எட்டு முழ வேட்டியும், அடிப்பக்கத்துக்கு ஒரு பழைய வாயல் அல்லது கைத்தறிச் சேலையும், ஓரத்துக்கு முக்கால் மீட்டர் புதிய பருத்தித் துணியும் எடுத்து வையுங்கள்.

சதுரங்களுக்கான துண்டுகள் தெருத் தையற்கடையில் கிடைக்கும். ஜாக்கெட் வெட்டிய பிறகு மிஞ்சுகிற பிட்டுகளைப் பல கடைகளில் மூட்டையாகக் கட்டி மூலையில் போட்டிருப்பார்கள், "அண்ணாச்சி, அந்த வெட்டுத்துணியில பருத்தி மட்டும் பொறுக்கிக்கிடட்டுமா?" என்று கேட்டால் தராதவர் குறைவு. தேய்ந்த சாரம் (லுங்கி), வீட்டில் உள்ளவர்களின் பழைய கட்டம்போட்ட சட்டைகள், சிறுமிகளின் பாவாடை எல்லாமே ஆகும். சட்டையில் கழுத்துப்பட்டையும் அக்குள் பகுதியும் இற்றிருக்கும். முதுகுப் பகுதிதான் நல்லது. பனியன் துணியையும், இழுத்தால் நீளுகிற லெகின்ஸ் வகையையும் தொடவே தொடாதீர்கள். அவை பக்கத்துச் சதுரத்தையும் கோணலாக இழுத்துவிடும்.

பருத்தியா கலப்பா என்பதைக் கண்டுபிடிக்க, துணியின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நூலை உருவி, இடுக்கியில் பிடித்து, எவர்சில்வர் தட்டின் மேல் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி நூல் காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து, விரலில் தேய்த்தால் பொடியாகிற சாம்பலை விடும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுத்த மணியாக இறுகும். கலப்புத்துணியில் இரண்டும் சேர்ந்து, சாம்பலுக்குள் கெட்டியான துணுக்கு நெருடும். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிக்குவியலை விட்டுத் தள்ளியே இந்தச் சோதனையைச் செய்யுங்கள்.

அடுத்தது சாயம். இதில் நான் பட்ட பாட்டைச் சொன்னால்தான் விளங்கும். என் முதல் போர்வையில், ஒரு ஜாக்கெட்டில் மிஞ்சிய அடர்சிவப்புத் துண்டில் பத்துச் சதுரம் வெட்டினேன். பிட்டுத்தானே, இதைப் போய் யார் தனியாக நனைப்பது என்று விட்டுவிட்டேன். தைத்து முடித்து முதல் தடவை வாளியில் முக்கியபோது தண்ணீர் ரோஸ்மில்க் நிறத்துக்கு வந்தது. வெள்ளை வேட்டியில் போட்டிருந்த அடிப்பக்கம் முழுவதும் திட்டுத் திட்டாக இளஞ்சிவப்பு. மூன்று மாத வேலை அந்த வாளியில் மிதந்தது. அதன் பிறகு அடர்சிவப்பு, கருநீலம், கறுப்பு, மெரூன் எதுவானாலும் ஒரு கண்ணாடிக் குப்பியில் சுடுதண்ணீரும் கொஞ்சம் துவைக்கும் தூளும் போட்டு, துணியை ஒரு வெள்ளைத் துண்டோடு சேர்த்து அரைமணி நேரம் ஊற வைத்துப் பார்க்கிறேன். வெள்ளைத் துண்டில் நிறம் ஏறினால் மறுபடியும் இரண்டு தடவை அலசிச் சோதிக்கலாம். அப்போதும் ஏறினால் அந்தத் துணி கைப்பிடித் துணிக்குத்தான் லாயக்கு. உப்புப் போட்டு ஊறவைத்தால் சாயம் நின்றுவிடும் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். சாயப்பட்டறையில் சாயம் நூலில் ஏறுவதற்கு உப்பு உதவுகிறது என்பது உண்மை. ஆனால் ஏற்கெனவே சரியாகப் பிடிக்காமல் நிற்கிற சாயத்தை வீட்டு உப்பால் பிடிக்க வைக்க முடியாது.

எல்லாத் துண்டையும் வெட்டுவதற்கு முன்பே துவைத்தாக வேண்டும். புதுப் பருத்தி சுருங்கும், சுருங்காத பழையதோடு சேர்ந்தால் போர்வை கொப்புளம் கொப்புளமாக எழும்பும். சிறு பிட்டுகளைத் தலையணை உறைக்குள் போட்டுக் கட்டித் துவைத்தால் நூல் பிரிந்து சிக்காகாது. ஒவ்வொரு பிட்டின் முனையையும் கத்தரியால் லேசாகச் சரித்து வெட்டிவிட்டால் இழை உருவுவது இன்னும் குறையும். தட்டட்டியில், அதாவது மொட்டைமாடியில், நேர் வெயிலில் நாள் முழுதும் காயப்போட வேண்டாம். சித்திரையில் ஒரு மணி நேரமே அதிகம், அதற்கு மேல் போனால் நிறம் வெளிறும்.

கஞ்சி, அச்சு, வெட்டு

வாயல் போன்ற மெல்லிய துணியைச் சதுரமாக வெட்டுவது, ஓடுகிற கோழியைப் பிடிப்பது மாதிரி. கத்தரி போகிற பக்கமெல்லாம் துணியும் போகும். இதற்குச் சோறு வடித்த கஞ்சிதான் மருந்து. கஞ்சியை மூன்று பங்கு தண்ணீர் விட்டு வடிகட்டி, துணியை நனைத்துப் பிழிந்து உதறிப் போட்டால், கோடை வெயிலில் சற்று நேரத்தில் காய்ந்து காகிதம்போல் நிற்கும். லேசான ஈரம் இருக்கும்போதே தேய்த்து வைத்துக்கொண்டால் கோடு போடவும் வெட்டவும் சுகம். ஆனால் கஞ்சி இருக்கிற துணிக்கு ராமபாணப் பூச்சியும் கரப்பானும் வரும். அதனால் கஞ்சி போட்ட துண்டுகளை மாதக்கணக்கில் பெட்டியில் வைக்காதீர்கள்; போர்வை முடிந்ததும் முதல் துவைப்பில் கஞ்சி முழுவதையும் போக்கிவிடுங்கள்.

அச்சுக்கு அட்டையைவிடப் பழைய எக்ஸ்ரே படம் மேலானது. அட்டையின் ஓரம் ஐம்பது தடவை கோடு போடுவதற்குள் தேய்ந்து சதுரம் சிறுத்துவிடும். எக்ஸ்ரே படம் தேயாது, அதன் வழியே துணியின் பூவும் கட்டமும் ஓரளவு தெரியவும் செய்யும். சரியாக 5 அங்குலச் சதுரமாக வெட்டி, உள்ளே நான்கு பக்கமும் ¼ அங்குலம் விட்டு ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கோடுதான் தையல் வரி. அதற்குள் நிற்கும் 4½ அங்குலச் சதுரமே போர்வையில் தெரியும்.

அச்சை வைக்கும்போது துணியின் பாவு நூலோ (நீளவாக்கு இழை) ஊடை நூலோ (குறுக்கு இழை) அச்சின் விளிம்புக்கு இணையாக ஓட வேண்டும். மிச்சம் பிடிக்கிறேன் என்று சாய்த்து வைத்து வெட்டினால், அந்தச் சதுரம் கிராஸ் பீஸ்போல (குறுக்குச் சாய்வாக வெட்டிய பட்டைபோல) இழுபடும். தைக்கும்போது ஐந்து அங்குலம் ஐந்தேகால் ஆகிவிடும். நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பாதி வெளிர், பாதி அடர் என்று இரண்டு குவியலாக 108 வீதம் பிரித்துக்கொண்டு, சதுரங்கப் பலகைபோல மாற்றி மாற்றி வைத்தால் எந்தப் பிட்டும் எந்தப் பிட்டோடும் ஒத்துப்போகும்.

வேலைக்குரிய நேரம், இடம், கை

வெயில் காலத்தில் நேரத்தை மூன்றாகப் பிரித்துக்கொள்வது நல்லது. இஸ்திரிப் பெட்டி போடுகிற வேலை எதுவானாலும் காலை ஐந்தரை மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் முடியட்டும். மெஷின் வேலைக்குக் காலை பத்து மணி வரைக்கும், பிறகு மாலை ஐந்துக்கு மேலும் உட்காரலாம். உச்சி வெயிலில் மடியில் கனமில்லாத வேலை, அதாவது பிரிப்பது, கோடு போடுவது, வெட்டுவது, ஊசியில் நூல் கோத்து வைப்பது. மே 4ஆம் தேதி தொடங்கும் அக்கினி நட்சத்திர நாட்களில் மதியம் இதைக்கூடச் செய்யாமல் தூங்கிவிடுவதில் தவறில்லை.

மெஷினை மேற்கு பார்த்த சுவரை ஒட்டிப் போடாதீர்கள். அந்தச் சுவர் மாலையில் வாங்கின சூட்டை ராத்திரி வரைக்கும் கக்கிக்கொண்டிருக்கும். பழைய வளவு வீடுகளில் முன்பக்கத்துத் தார்சாவைவிட உள்கூடமான பட்டாசல் குளிர்ச்சியாக இருக்கும், ஆனால் வெளிச்சம் போதாது, ஒரு எல்.இ.டி. விளக்கை ஊசிக்கு நேரே வைத்துக்கொண்டால் சரியாகிவிடும். மேலே சுற்றுகிற மின்விசிறி அடுக்கி வைத்த சதுரங்களைப் பறக்கடித்துவிடும் என்பதால், பதினெட்டுப் பதினெட்டாக எண்ணிக் கொடிக் கிளிப்பில் பிடித்து வைக்கலாம்; அல்லது மேசை விசிறியைக் கீழே இறக்கிக் காலுக்கும் முதுகுக்கும் காற்று வருகிறமாதிரி திருப்பலாம். காலால் மிதிக்கிற மெஷின் வைத்திருப்பவர்கள் மின்வெட்டில் கவலைப்பட வேண்டியதில்லை. மோட்டார் போட்டவர்கள் மோட்டாரைத் தொட்டுப் பார்த்துச் சூடு ஏறியிருந்தால் கால்மணி நேரம் நிறுத்தி வைப்பது நல்லது. மெஷினுக்கு மெஷின் எண்ணெய் மட்டும் விடுங்கள். அவசரத்துக்குத் தேங்காய் எண்ணெய் விட்டால் அது நாளாக ஆகப் பிசினாகிச் சக்கரத்தை இறுக்கும். பிறகு மெக்கானிக் வந்து முழுவதையும் கழற்ற வேண்டியிருக்கும்.

வேர்வைக்கு இரண்டு எதிரிகள் உண்டு: ஊசியும் வெளிர்நிறத் துணியும். வேர்வை பட்ட ஊசி ஓரிரு நாளில் துரு ஏறித் துணியில் பழுப்புப் புள்ளி வைக்கும். வேலை முடிந்ததும் ஊசியைத் துடைத்து டப்பியில் போடுங்கள், தைத்துக்கொண்டிருக்கிற துணியிலேயே குத்தி வைத்துவிட்டுப் போகாதீர்கள். கைக்குக் கொஞ்சம் பவுடர் போட்டுக்கொண்டு, மடியில் ஒரு துவர்த்தை (துடைக்கும் துண்டை) விரித்துக்கொண்டால் துணி அழுக்காவது குறையும். பதநீரும் நுங்கும் சாப்பிட்ட கையை மட்டும் நன்றாகக் கழுவிவிட்டு வாருங்கள். எறும்பு அதைத் தேடி வந்து துணிப்பெட்டியில் குடியேறிவிடும்.

சதுரங்களைக் கோத்தல்

ஒரு கீற்றுக்கு அகலத்தில் 3 சதுரம், நீளத்தில் 18 வரிசை, ஆக 54 சதுரம். இப்படி நான்கு கீற்று. முதல் கீற்றுக்கான 54 சதுரத்தைத் தரையில் பரப்பி, அடரும் வெளிரும் மாறி வருகிறதா என்று நின்று பார்த்து, வரிசைக்கு மூன்றாக அடுக்கி எண் எழுதிய சீட்டோடு கிளிப்பில் பிடித்துவிடுங்கள். இரண்டாவது கீற்று வெளிரில் தொடங்க வேண்டும் என்பதை மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மூன்று என்பது ஒற்றைப்படை எண் என்பதால், எல்லாக் கீற்றையும் அடரில் தொடங்கினால் இணைக்கிற இடத்தில் அடரும் அடரும் முட்டிக்கொள்ளும்.

மெஷினில் 14ஆம் நம்பர் ஊசியும், அங்குலத்துக்குப் பத்துப் பன்னிரண்டு தையல் விழுகிற அளவும் போதும். நூல் பருத்தியாக இருந்தால் நல்லது என்பது என் கட்சி. இற்றுப்போன பழந்துணியில் அறுக்க முடியாத நூலைப் போட்டால், இழுபடும்போது துணிதான் கிழியும். நூல் அறுந்தால் மறுபடி தைத்துக்கொள்ளலாம்.

ஒவ்வொரு வரிசையிலும் முதல் இரண்டு சதுரத்தை நல்ல பக்கம் உள்ளே இருக்க ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ¼ அங்குலம் விட்டுத் தையுங்கள். உங்கள் மெஷினின் பாதத்து விளிம்பு ஊசியிலிருந்து ¼ அங்குலம்தானா என்று ஸ்கேல் வைத்துப் பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் தட்டின்மேல் சரியான தூரத்தில் ஒரு பிளாஸ்திரி ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசிக்கொண்டு ஓட்டலாம். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை வெட்டாமல், இரண்டு தையல் வெறுமனே ஓடவிட்டு அடுத்த ஜோடியை நுழையுங்கள். இப்படிப் பதினெட்டு ஜோடியும் மாவிலைத் தோரணம்போல ஒரே நூலில் தொங்கிக்கொண்டு வெளியே வரும். பிறகு வெட்டிப் பிரித்து, அதேபோல மூன்றாவது சதுரங்களையும் சேருங்கள். நூலும் மிச்சம், நேரமும் மிச்சம்; வெயிலில் ஒவ்வொரு தடவையும் குனிந்து நூல் வெட்டுகிற அலுப்பும் இல்லை.

தையலுக்கு விட்ட ஓரத்தை ஒற்றைப்படை வரிசைகளில் இடப்பக்கமும் இரட்டைப்படை வரிசைகளில் வலப்பக்கமும் மடக்க வேண்டும். அப்படி மடக்கினால், வரிசைகளை மேலும் கீழுமாகச் சேர்க்கும்போது இரண்டு மடிப்பும் ஒன்றுக்கொன்று எதிராக நின்று பூட்டுப்போல உட்காரும், மூலைகள் பிசகாது. அந்த நேரத்தில் இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்க வேண்டியதில்லை. நகத்தாலோ சின்னச் செம்பின் அடியாலோ அழுத்தித் தேய்த்தால் போதும். மறுநாள் விடியற்காலையில் எல்லாவற்றையும் சேர்த்துத் தேய்த்துக்கொள்ளலாம். வரிசைகளை இணைத்த மடிப்புகளை முதல், மூன்றாம் கீற்றில் மேல்நோக்கியும், இரண்டாம், நான்காம் கீற்றில் கீழ்நோக்கியும் படிய வையுங்கள். இதன் பலன் கீற்றுகளை இணைக்கும் நாளில்தான் தெரியும். முடிந்த கீற்று 14 அங்குல அகலமும் 81½ அங்குல நீளமும் இருக்கும். கால் அங்குலம் கூடக்குறைய வந்தால் பதறாமல் நான்கையும் ஒரே அளவுக்கு வெட்டிச் சரிசெய்துகொள்ளுங்கள்.

அடுக்குதலும் நூலோட்டமும்

சேலையிலிருந்து 84 அங்குல நீளத்தில் இரண்டு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் 16 அங்குல அகலத்தில் இரண்டு கீற்று எடுங்கள். ஐந்தரை மீட்டர்ச் சேலையில் இது போக நிறைய மிஞ்சும் என்பதால், கொசுவ மடிப்பில் இற்ற இடத்தையும், உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடத்தையும் தவிர்த்துவிடலாம். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தால் அந்த இடங்கள் சல்லடைபோலத் தெரியும். வேட்டியில் 82 அங்குல நீளத்துக்கு ஒரு துண்டு வெட்டினால் அதன் அகலத்தில் 14 அங்குலக் கீற்று மூன்று வரும். நான்காவதற்கு மீதியிலிருந்து 41 அங்குலத் துண்டு இரண்டை நீளவாக்கில், ஓரங்களை முட்ட வைத்துக் கையால் பிணைத்துக்கொள்ளலாம். நடு அடுக்குதான், யார் கண்ணுக்கும் படாது.

பெருக்கித் துடைத்த தரையில் சேலைக் கீற்றை நல்ல பக்கம் கீழே இருக்க விரியுங்கள். கோரைப் பாயின்மேல் விரிக்க வேண்டாம், பாயின் வரிமேடு துணியை நேராகப் படியவிடாது. அதன் நடுவில் வேட்டிக் கீற்று, அதன்மேல் ஒட்டுத்துணிக் கீற்று நல்ல பக்கம் மேலே இருக்க. இரண்டு நீளப் பக்கமும் சேலை ஓரங்குலம் வெளியே நீண்டிருக்கும். மூலைகளில் கனத்துக்கு எதையாவது வைத்துவிட்டு, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் உள்ளங்கையால் நீவி, நான்கு விரல் இடைவெளியில் பெரிய பெரிய தற்காலிகத் தையலாகப் போட்டு மூன்றையும் பிடித்துக்கொள்ளுங்கள். குண்டூசியை நம்பி விட்டால் மடியில் குத்தும், வேர்வையில் துருவும் ஏறும்.

இனிதான் போர்வைக்கு உயிர் கொடுக்கிற வேலை. கீற்றின் சரியான நடுவில், நீளவாக்கில், முதல் வரியைக் கையால் ஓட்டுங்கள். பிறகு அதன் இரு பக்கமும் 1½ அங்குல இடைவெளியில் மூன்று மூன்று வரி. மொத்தம் ஏழு வரி. கடைசி வரிக்கும் கீற்றின் விளிம்புக்கும் இடையே 2½ அங்குலம் தைக்காமல் நிற்கும். இணைப்பதற்கு அந்த இடம் தேவை. ஊசியில் மூன்று நான்கு தையலாக ஏற்றிக்கொண்டு இழுத்தால் வரி நேராக வரும். மேற்பக்கத்தில் அங்குலத்துக்கு நாலைந்து தையல் தெரிந்தால் போதும். தையல் ஒரே அளவாக இருப்பதுதான் அழகு, பொடியாக இருப்பதன்று. நடு விரலுக்கு அங்குஸ்தான் (ஊசி குத்தாமல் காக்கும் விரல் மூடி) போடுகிறவர்களுக்கு வேர்வையில் அது வழுக்கும். உள்ளே ஒரு சுற்றுப் பருத்தித் துணியைச் சுற்றிக்கொண்டால் நிற்கும்.

எங்கள் ஆச்சி இந்தத் தையலை வாசல் திண்ணையில் உட்கார்ந்து தைப்பாள். ஊசியை ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தடவை கூந்தலில் இழுத்துக்கொள்வாள். அந்தத் துளி எண்ணெய்ப்பிசுக்கில் ஊசி வேர்வைக் கையிலும் வழுக்கிக்கொண்டு போகும். நான் எழுந்து எழுந்து நூல் கோக்கச் சோம்பல்பட்டு இரண்டு கை நீளத்துக்கு நூல் எடுத்தால், "ஏளா, முழத்துக்கு மேல எடுக்காத. அது உன்னையத் தைக்க விடாது, சிக்கெடுக்கத்தான் விடும்" என்பாள். ஒரு முழம், அதாவது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரைக்கும் உள்ள பதினெட்டு அங்குலம்தான் நூலுக்குச் சரியான நீளம். அதற்கு மேல் போனால் நூல் ஒவ்வொரு இழுப்பிலும் துணியில் உராய்ந்து பஞ்சடித்து நைந்துபோகும். முடிச்சை மேலே விடாமல், மேல்துணிக்கு அடியில் ஊசியை நுழைத்துச் சிறு சுண்டு சுண்டி நடு அடுக்குக்குள் இறக்கிவிட வேண்டும்.

எனக்கு ஒரு வரிக்கு முக்கால் மணி நேரம் ஆகிறது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று வைத்தால் நான்கு கீற்றின் 28 வரியும் இரண்டு வாரத்தில் முடியும். மடியில் இருப்பது ஒரு துண்டளவுத் துணிதான் என்பதால் வைகாசிப் புழுக்கத்திலும் இது ஆகும். அவசரப்படுகிறவர்கள் இதையும் மெஷினில் ஓட்டலாம். ஆனால் பழந்துணி மெஷின் பாதத்தின் கீழே சுருக்கம் தட்டும், போர்வையும் விறைப்பாகிவிடும்.

கீற்றுகளை இணைத்தல்

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்தை நான் கெடுவாக வைத்துக்கொள்வேன்; அதற்குள் கீற்றுகள் தயாராகிவிட்டால் இணைப்பு வேலை காற்றுக் காலத்தில் விழும். இரண்டு கீற்றின் மேல்துணிகளை மட்டும் நல்ல பக்கம் உள்ளே இருக்கச் சேர்த்துப் பிடித்து, வேட்டியையும் சேலையையும் பின்னால் மடக்கி ஒதுக்கிவிட்டு, ¼ அங்குலம் விட்டு மெஷினில் தையுங்கள். எதிரெதிராக மடக்கி வைத்த மடிப்புகள் இப்போது பூட்டிக்கொள்ளும். ஒவ்வொரு சந்திப்பையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓட்டினால் பதினெட்டு வரிசையும் மூலைக்கு மூலை நிற்கும்.

பிறகு கவிழ்த்துப் போடுங்கள். வேட்டியின் இரண்டு ஓரமும் அரையங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஏறாமல் முட்டுகிற அளவுக்கு வெட்டி, தளர்வாகக் கையால் பிணையுங்கள். ஏறவிட்டால் போர்வையின் நடுவே கயிறு ஓடியதுபோல நெருடும். சேலையின் ஒரு பக்கத்தை இணைப்பு வரிக்கு அரையங்குலம் தாண்டி வெட்டிப் பரப்பி, மற்றப் பக்கத்தை இணைப்பு வரியிலேயே உள்ளே மடித்து அதன்மேல் படிய வைத்து, கையால் ஹெம்மிங் செய்துவிடுங்கள். ஊசி மேல்துணி வரைக்கும் போகக் கூடாது. இப்படி ஒன்றும் இரண்டும், மூன்றும் நான்கும் சேர்த்த பிறகு, கடைசியில் இரண்டு பாதியையும் சேர்க்கும்போதுதான் மெஷினில் பாரம் தெரியும். இடப்பக்கம் ஒரு நாற்காலியைப் போட்டுத் துணியை அதில் தாங்கவிட்டால் ஊசி இழுபட்டு முறியாது.

ஒவ்வொரு இணைப்பின் இரு பக்கமும் முக்கால் அங்குலத்தில் ஒரு வரி ஓட்டினால், ஏற்கெனவே உள்ள வரிகளோடு 1½ அங்குல இடைவெளி எங்கும் ஒன்றாகிவிடும். மூன்று இணைப்புக்கு ஆறு வரி, வெளி ஓரங்களில் அதே கணக்கில், விளிம்பிலிருந்து ஓரங்குலம் தள்ளி, ஒவ்வொன்றாக இரண்டு வரி. முழுப் போர்வையையும் மடியில் வாங்க வேண்டியது இந்த எட்டு வரிக்கு மட்டும்தான். கட்டிலில் பரப்பிப் போட்டுக்கொண்டு, தைக்கிற ஓரத்தை மட்டும் இழுத்து வைத்துத் தைத்தால் அந்தச் சூடும் மேலே படாது. மொத்தம் 36 வரி. நீட்டிப் பிடித்தால் ஏறத்தாழ 74 மீட்டர்த் தையல்.

ஓரம்

போர்வையில் முதலில் கிழிவது ஓரம்தான் என்பதால் அங்கே பழந்துணி போடாதீர்கள். புதுத்துணியை நனைத்துக் காயவைத்து, 2¼ அங்குல அகலப் பட்டைகளாக வெட்டி, 285 அங்குலத்துக்குக் குறையாமல் ஒன்றோடொன்று இணைத்து, நீளவாக்கில் இரண்டாக மடித்துத் தேய்த்துக்கொள்ளுங்கள். நேர் விளிம்புக்குக் கிராஸ் பீஸ் தேவையில்லை. போர்வையின் நான்கு பக்கத்தையும் மேல்துணியின் அளவுக்கு வெட்டிச் சமமாக்கி, பட்டையின் வெட்டு ஓரத்தைப் போர்வையின் ஓரத்தோடு சேர்த்து மேல்பக்கத்தில் மெஷினில் தையுங்கள். மூலை வருவதற்கு ¼ அங்குலம் முன்பே நிறுத்தி, பட்டையை நேர் மேலே மடக்கி, அங்கிருந்து கீழே அடுத்த பக்கத்துக்குத் திருப்பி, விளிம்பிலிருந்து மறுபடி தொடங்கினால் மூலை சாய்வு மடிப்பாக அழகாக உட்காரும். பட்டையைப் பின்பக்கம் திருப்பிக் கையால் ஹெம்மிங் போட்டு முடியுங்கள்.

துவைத்தலும் பழுது பார்த்தலும்

முதல் துவைப்பில் தற்காலிகத் தையல்களை உருவிவிட்டு, நிறையத் தண்ணீரில் கஞ்சி போகிறவரைக்கும் அலசுங்கள். ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் துணியில் வெள்ளைப் படிவாகத் தங்கும். தாமிரபரணித் தண்ணீர் குழாயில் வருகிற நாளாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். நனைந்த போர்வையை ஒற்றைக் கொடியில் தொங்கவிட்டால் பாரம் முழுதும் நடுத்தையலில் இறங்கி நூல் அறுக்கும். இரண்டு கொடியின்மேல் பரப்பியோ, தட்டட்டியில் ஒரு பழைய விரிப்பின்மேல் கவிழ்த்துப் போட்டோ காயவைக்கலாம். காய்ந்ததும் தையலுக்குத் தையல் துணி லேசாகச் சுருங்கி மெல்லிய மேடுபள்ளமாக நிற்கும். அதைத் தேய்த்துக் கெடுக்காதீர்கள்.

சதுரம் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளில் பதினைந்து இருபதை எறியாமல் ஒரு வலைப்பையில் கட்டி, போர்வையைத் துவைக்கிற ஒவ்வொரு தடவையும் அதோடு சேர்த்துத் துவைத்துக் காயவைத்து வாருங்கள். இரண்டு மூன்று ஆண்டு கழித்து ஒரு சதுரம் இற்றுப் பிளக்கும்போது, அதே அளவுக்கு வெளிறிப்போன துண்டு ஒன்று அந்தப் பையில் இருக்கும். அதை 5 அங்குலமாக வெட்டி, நான்கு பக்கமும் ¼ அங்குலம் மடித்து, கிழிந்த சதுரத்தின்மேல் வைத்து ஹெம்மிங் செய்துவிட்டால் ஒட்டுப் போட்ட இடம் எது என்று தேடினாலும் தெரியாது.